வசந்தம் கடந்தும் நிற்கும் பனி

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரிலுள்ள பனிச்சறுக்கு ஸ்தலங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் மாதத்தின் நடுவிலோ அதற்குச் சில நாள் பின்னரோ அந்த ஆண்டுக்கு மூடப்பட்டுவிடுகின்றன. அதற்குள் மலையில் பனி தீர்ந்துபோயிருக்கும் என்று வெளியூரார் நினைத்துக்கொள்வது இயல்பே. ஆனால் கொலராடோவின் உயர்ந்த மலைகளில், நவம்பரிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்து வருகிற பனி தன் உச்ச ஆழத்தை எட்டுவது பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில்தான். மிக உயரமான சரிவுகளில் மே மாதத் தொடக்கம் வரையிலும் அது வளர்ந்துகொண்டே இருப்பதுண்டு. ஆகவே, பனி மிகுதியாகக் கிடக்கும் சமயத்திலேயே லிஃப்ட்டுகள் நிறுத்தப்படுகின்றன என்பதையும், அதற்குக் காரணம் பெரும்பாலும் மனிதர்களின் போக்கே என்பதையும் வசந்தகாலச் சறுக்கலுக்குப் புறப்படுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டென்வர் நகரத்தில் புல் பச்சை பிடிக்கத் தொடங்கியதும், குளிர்காலம் முழுவதும் வாரந்தோறும் மலைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் மனம் சைக்கிளுக்கும் மீன்பிடிப்புக்கும் தோட்ட வேலைக்கும் திரும்பிவிடுகிறது. பள்ளி விடுமுறை முடிந்ததும் வெளியூர்ப் பிரயாணிகளின் வரவு நின்றுபோகிறது. பருவத்துக்கென்று அமர்த்தப்பட்ட ஊழியர்கள் வேறு வேலை தேடிப் புறப்படுகிறார்கள். ஹோட்டல் அறைகளையும் கடைவீதிகளையும் பற்பல லிஃப்ட்டுகளையும் நம்பி நடக்கும் பெரிய ஸ்தலத்துக்கு, வருவோர் ஆயிரமாயினும் நூறாயினும், ஒரு நாள் திறந்துவைக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் கூட்டம் குறைந்ததும் மூடிவிடுவதே அதற்கு லாபம். சிறிய மலைக்கோ நிரப்ப வேண்டிய அறைகள் இல்லை. இரண்டொரு லிஃப்ட்டுகளையும், ஒரு சமையற்கூடத்தையும், ஒரு மீட்புக் குழுவையும் வைத்துக்கொண்டு அது நாளை நடத்திவிடும்; அக்கம்பக்கத்துப் பெரிய ஸ்தலங்கள் எல்லாம் மூடிய பிறகும் ஆசை தீராத சறுக்காளர் அனைவரும் அதன் வாசலுக்கே வந்து சேர்கிறார்கள். அந்தக் கடைசி வாரங்களைப் பேணிக் காக்கும் மலைகளையும், அவற்றின் உபாயங்களையும், அங்கே போகிறவர் கைக்கொள்ள வேண்டிய முறைகளையும் இந்த அத்தியாயத்தில் சொல்லுகிறேன்.

ஓர் எச்சரிக்கையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கற்றுக்குட்டிகளுக்குரிய தாழ்ந்த சரிவுகள் மலையடிவாரத்தில் இருப்பதால் அவையே முதலில் கரைகின்றன; மே மாதத்தில் மிஞ்சுவன பெரும்பாலும் மேல்மலையின் செங்குத்தான பகுதிகள். நடுத்தரச் சரிவுகளில் நிதானமாக இறங்கத் தெரிந்தவர்களுக்கே இந்தக் காலம் உகந்தது. முதன்முறையாகச் சறுக்குப் பலகையில் கால் வைப்பவர் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போய்க் கற்றுக்கொண்டு வருவது நல்லது.

அரபஹோ பேசின்

கடைசி வாரங்களின் மலை என்று எதையேனும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கொலராடோவின் அரபஹோ பேசினையே சொல்வேன். டென்வரிலிருந்து மேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், 3,655 மீட்டர் உயரமுள்ள லவ்லண்ட் கணவாய்க்குக் கீழே, கண்டத்தின் நதிகளைக் கிழக்கும் மேற்குமாகப் பிரித்துவிடும் பெருமுகட்டை ஒட்டி அது அமைந்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டாகிய 1946ல், லாரி ஜம்ப், பந்தய வீரரான டிக் டுரான்ஸ், மாக்ஸ் டெர்கம் முதலியோர் கூடி அதைத் தொடங்கினார்கள். முதற் பருவத்தில் சறுக்காளரை மேலே இழுத்துச் செல்ல ஒரு கயிற்று இழுவையும், அதன் அடிவரை ஏற்றிச் செல்ல ராணுவத்தாரின் பழைய லாரி ஒன்றுமே இருந்தன. வெய்ல், பிரெக்கன்ரிட்ஜ் முதலிய அண்டை ஸ்தலங்கள் பரப்பிலும் ஆடம்பரத்திலும் அதைப் பலமடங்கு மிஞ்சிவிட்டன என்றாலும், பருவத்தின் நீளத்தில் அதை நெருங்க அவற்றால் முடியவில்லை.

அதற்கு முதற்காரணம் உயரம். அதன் அடிவாரமே 3,286 மீட்டர். உச்சி 3,978 மீட்டர். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மிக உயர்ந்ததான வாஷிங்டன் சிகரத்தின் உயரம் 1,917 மீட்டரே என்பதை நினைத்தால், இந்த மலையில் வண்டி நிறுத்துமிடம் எவ்வளவு மேலே இருக்கிறது என்பது விளங்கும். இரண்டாவது காரணம், முன்பக்கச் சரிவுகளில் பெரும்பகுதி, பல்லவிச்சினி என்ற புகழ்பெற்ற செங்குத்துச் சரிவு உட்பட, வடக்கு நோக்கியிருப்பது. 2008ல் திறக்கப்பட்ட மாண்டெசூமா என்ற பின்பக்கப் பள்ளத்தாக்கோ தெற்கு வெயிலுக்கு முகம் காட்டி நிற்பது. அதனால் குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தாலும், முன்பக்கத்துக்கு முன்பாகவே அது மூடப்பட்டுவிடுகிறது. திசையொன்று எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதை ஒரே மலையின் இரு பக்கங்களிலும் ஒருங்கே காணலாம்.

சாதாரணமாக ஜூன் மாதத் தொடக்கம் வரை அங்கே லிஃப்ட் ஓடும். பனி மிகுந்த ஆண்டுகளில் அது இன்னும் நீளும்: 2019ல் ஜூலை 4ஆம் தேதியாகிய அமெரிக்க சுதந்திர தினத்தன்று சறுக்கி முடித்தார்கள்; 1995ல் ஆகஸ்டு 10 வரையில் மலை திறந்திருந்தது. செயற்கைப் பனி செய்யும் சாதனங்கள் அங்கே வந்ததே 2002ல்தான் என்பதால், 1995ஆம் ஆண்டின் அந்த நீண்ட பருவம் முழுவதும் வானம் தந்த பனியாலேயே நடந்தது. 2020ல் கொள்ளைநோய் பரவி, மார்ச் மாதத்திலேயே நாட்டின் ஸ்தலங்கள் அனைத்தும் மூடப்பட்டுவிட்ட பிறகும், மே 27ஆம் தேதி முன்பதிவு முறையில் அம்மலை மீண்டும் கதவைத் திறந்தது. மே இறுதியிலும் சறுக்கத் தகுந்த பனி அங்கே எஞ்சியிருந்தது என்பதே அதை இயலச் செய்தது.

அதன் நிர்வாகத்தார் செய்த மற்றொரு காரியத்தையும் நான் மதிக்கிறேன். வெய்ல் நிறுவனத்தாரின் கூட்டுப் பருவச் சீட்டில் பல ஆண்டுகள் சேர்ந்திருந்த அவர்கள், வண்டி நிறுத்த இடமின்றிப் போகும் அளவுக்குக் கூட்டம் பெருகியதைக் கண்டு, 2019ல் அந்தக் கூட்டிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டார்கள். கையில் வரும் பணத்தைக் குறைத்துக்கொண்டாவது மலை தாங்கக்கூடிய அளவில் வியாபாரம் செய்வது என்ற அந்தத் தீர்மானம் சிறிய ஸ்தலங்கள் எல்லாம் யோசித்துப் பார்க்கத்தக்கது. 2024ல் அம்மலை ஆல்டெரா என்ற பெரிய நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது.

அங்கே போகிறவர் பீச் என்று பெயர் பெற்ற பகுதியைத் தவறவிடக் கூடாது. அது சரிவின் அடியிலேயே, பனியை ஒட்டி வண்டிகளை வரிசையாக நிறுத்தும் ஓர் இடம். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் விடியற்காலையிலேயே வந்து இடம்பிடித்து, நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டே, நடுநடுவே எழுந்து போய்ச் சறுக்கிவிட்டு வருவார்கள். இடம் வேண்டுமானால் லிஃப்ட் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும்.

பனி எதனால் கரைகிறது, எதனால் நிற்கிறது

பனியைக் கரைப்பது வெயில்தான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். புதிதாக விழுந்த வெண்பனியோ, தன்மேல் படும் சூரிய ஒளியில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு வரையில் திருப்பியனுப்பிவிடும் சக்தி வாய்ந்தது. பனிக்கு அதைவிடக் கொடிய சத்துரு வெப்பமான ஈரக்காற்று. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பனியின்மேல் பட்டு நீராகப் படியும்போது பெரும் உஷ்ணத்தை வெளிவிடுகிறது; அவ்வாறு படியும் ஒரு கிராம் ஈரம் ஏழு கிராமுக்குக் குறையாத பனியைக் கரைக்க வல்லது. ஆகவேதான் மூடுபனியும் வெதுவெதுப்பான காற்றும் சேர்ந்த ஒரே இரவில், வெயில் பல நாள் காய்ந்தும் போகாத பனி காணாமற்போகிறது. கொலராடோவின் காற்று வறண்டது. அங்கே பனியின் மேற்புறம் சிறிது சிறிதாக ஆவியாகிப் போகும்போது, அந்த ஆவியாதலே அடியிலுள்ள பனியைக் குளிரச் செய்கிறது. வெப்பமானி பூஜ்யத்துக்கு மேல் சில டிகிரி காட்டினாலும் பனி உறுதியாக நிற்பதன் ரகசியம் இதுவே.

அழுக்கும் ஒரு பகை. மேற்கே உள்ள பாலைநிலங்களிலிருந்து வசந்தகாலக் காற்று வாரிக்கொண்டு வரும் செம்மண் தூசி மலைப்பனியின்மேல் படிந்துவிட்டால், அது ஒளியைத் திருப்பியனுப்பும் சக்தியை இழந்து வெயிலைக் குடிக்கத் தொடங்குகிறது. தென்மேற்குக் கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில், இத்தூசியினால் பனி ஏறக்குறைய ஒரு மாதம் வரையில் முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது என்பதை விஞ்ஞானிகள் அளந்து காட்டியிருக்கிறார்கள். தூசிக் காற்று அடித்த வாரத்துக்குப் பின் பிரயாணம் திட்டமிடுகிறவர், அதற்குமேல் புதுப்பனி ஏதேனும் விழுந்து மூடியதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

சிறிய மலைகளின் உபாயங்கள்

மே மாதத்துப் பனி டிசம்பரிலேயே சேமிக்கப்படுகிறது. இயந்திரத்தால் செய்த பனியின் மணிகள் உருண்டையாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், வானிலிருந்து விழும் மென்பனியைவிடப் பல மடங்கு அடர்த்தி அதற்கு உண்டு. அது கரைவதும் மெதுவாகவே. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 2 டிகிரிக்கு இறங்கிய இரவுகளில் பனிப்பீரங்கிகளை ஓட்டி, மலை முழுவதும் மெல்லிய போர்வையாகப் பரப்பாமல், தேர்ந்தெடுத்த ஒரே ஒரு சரிவின்மேல் குவித்து வைப்பார்கள். வெர்மாண்ட் மாநிலத்துக் கில்லிங்டன் பெரிய ஸ்தலமேயாயினும், இந்த முறைக்கு அதுவே சிறந்த உதாரணம்: அதன் சூப்பர்ஸ்டார் என்ற சரிவில் குளிர்காலத்தில் மலைபோல் குவித்த பனி, சுற்றிலும் மரங்கள் துளிர்த்துப் பச்சை போர்த்த பிறகும் மே இறுதிவரை, சில ஆண்டுகளில் ஜூன்வரை, வெள்ளை நாக்காக நீண்டு கிடக்கும்.

ஏப்ரலுக்குப் பின் வேலை இரவுக்கு மாறுகிறது. அஸ்தமனத்துக்குப் பிறகு பனி இறுகும் சமயம் பார்த்துச் சமன்செய்யும் இயந்திரங்கள் ஏறி, ஓரங்களிலுள்ள பனியை நடுவுக்குத் தள்ளி, பாறை தலைகாட்டும் இடங்களை மூடுகின்றன. சரிவைவிட முதலில் பழுதாவது லிஃப்ட்டில் ஏறும் மேடையும் இறங்கும் மேடையுமே. ஓயாமல் ஆட்கள் மிதிப்பதாலும், கறுத்த இரும்புச் சாதனங்கள் வெயிலில் காய்வதாலும் அங்கே தரை வெளியே வந்துவிடுகிறது. அப்பொழுது ஊழியர்கள் மரநிழலில் மிஞ்சியிருக்கும் பனியை மண்வாரியால் வெட்டி, தார்ப்பாயில் போட்டு இழுத்து வந்து, மேடையில் கொட்டிக் காலால் மிதித்து இறுக்குவதைக் காணலாம். பத்தடி நீளமுள்ள அந்தப் பனிப்பாதை போய்விட்டால், மேலே எவ்வளவு பனி இருந்தும் பயனில்லை.

உப்புத் தூவுதல் மற்றொரு முறை. ஒரேகான் மாநிலத்து ஹூட் மலையில், டிம்பர்லைன் ஸ்தலத்தின் பால்மர் பனிவெளியில் கோடைக்காலப் பந்தயப் பயிற்சிக்காக இதைப் பெரிய அளவில் கையாளுகிறார்கள். ஈரப்பனியில் தூவிய உப்புச் சிறிது பனியைக் கரைக்கிறது. கரைவதற்கு வேண்டிய உஷ்ணத்தை, கிராம் ஒன்றுக்கு 80 கலோரி வீதம், அடியிலுள்ள பனியிலிருந்தே இழுத்துக்கொள்வதால், அடிப்பனி குளிர்ந்து இறுகிச் சில மணி நேரம் கெட்டிப்பட்டு நிற்கிறது. உலர்ந்த குளிர்பனியில் இது பலிக்காது. உப்பு ஓடைகளில் கலப்பதால் நீரின் தன்மையைக் கண்காணித்தே இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. பந்தயப் பாதைக்கு இது தகும், சாதாரணச் சறுக்கலுக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

ஸ்காட்லாந்தின் க்ளென்கோ, கேர்ன்கார்ம் முதலிய சிறு ஸ்தலங்களின் நிலைமை வேறு. உயரமில்லாத அம்மலைகளில் பலத்த காற்றே எஜமானன். விழுந்த பனியை அது வாரிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே அங்கே சறுக்குப் பாதைகளின் ஓரமாக மரச்சட்ட வேலிகளை நிறுத்தி, காற்று அள்ளிவரும் பனி வேலிக்குப் பின்னால் விழுந்து ஆழமாகச் சேரும்படி செய்திருக்கிறார்கள். மலை முழுவதும் பழுப்பாகிவிட்ட பின்னும் வேலியோரத்துப் பனி மட்டும் நீளமாக நிற்பதையும், அதிலேயே சறுக்கி மகிழ்வதையும் அங்கே காணலாம்.

இவை யாவற்றினும் எனக்கு விசேஷமாகத் தோன்றுவது, பனியைக் கோடை முழுவதும் பத்திரப்படுத்தி வைக்கும் முறை. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரத்தார் குளிர்காலப் பனியை ஒரு பெருங்குவியலாக்கி, அதன்மேல் சுமார் 40 சென்டிமீட்டர் கனத்துக்கு மரத்தூளைப் போர்த்திவிடுகிறார்கள். மரத்தூள் உஷ்ணத்தை உள்ளே விடாமல் தடுப்பதோடு, தன்னிடமுள்ள ஈரம் ஆவியாவதால் பனியைக் குளிரவும் வைக்கிறது. கோடை கழிந்து திறந்து பார்த்தால் நான்கில் மூன்று பங்கு பனி அப்படியே இருக்கும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் வெர்மாண்ட் மாநிலத்து கிராஃப்ட்ஸ்பரியில், மரச்சில்லுகளைக்கொண்டு 2018ல் இதைச் சோதித்து வெற்றி கண்டார்கள். இதே நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளைத்தான் டூடர் என்ற வியாபாரி 19ஆம் நூற்றாண்டில் மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றை இறக்கி வைக்க 1842ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரீனா கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. நாலு மாதக் கடற்பிரயாணத்தையும் பூமத்திய ரேகையின் வெப்பத்தையும் தாங்கவைத்த அந்த மரத்தூளே இப்பொழுது சிறிய மலைகளுக்கும் கைகொடுக்கிறது. பெரிய மூலதனம் வேண்டாத இந்த உபாயத்தில்தான் தாழ்ந்த மலைகளின் எதிர்காலத்துக்கு உண்மையான நம்பிக்கை இருப்பதாக நான் கருதுகிறேன்.

எந்த மணிக்குச் சறுக்குவது

வசந்தகாலத்தில் நல்ல சறுக்கல் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் முந்தைய இரவைப் பொறுத்தது. பகலில் கரைந்து இரவில் உறைந்து, பல நாள் இவ்வாறே மாறி மாறி நிகழ்ந்தபின், பனித்துகள்கள் ஒன்றோடொன்று கூடி, கல்லுப்பைப் போன்ற உருண்ட மணிகளாகிவிடுகின்றன. சறுக்காளர் கார்ன் என்று கொண்டாடும் பனி இதுதான். மேகமற்ற இரவில் பனி தன் உஷ்ணத்தை வானத்துக்கு வெளிவிட்டுவிடுவதால், காற்று பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்தாலும் மேற்பனி கெட்டியாக உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அந்த உஷ்ணம் வெளியேற வழியின்றி, பனி விடியும்வரை ஈரமாகவே கிடக்கும். ஆகையால் புறப்படுமுன், இரவின் குறைந்த வெப்பநிலையோடு மேகம் இருந்ததா என்பதையும் பாருங்கள். அமெரிக்க வானிலை நிலையத்தார் ஒவ்வோரிடத்துக்கும் தனித்தனியே வெளியிடும் முன்னறிவிப்பில் இரண்டும் இருக்கும்.

காலை எட்டு மணிக்குச் சரிவு கல்லாக இருக்கும். பலகையின் ஓரங்கள் கடகடவென்று அதிரும். விழுந்தால் பிடிமானமின்றி வெகுதூரம் வழுக்கிப் போக நேரிடும். அப்பொழுது அவசரப்பட வேண்டாம். கிழக்கு நோக்கிய சரிவுகளில் முதலில் வெயில் படும். கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இளகி, அதற்கடியில் கெட்டியாக இருந்தால் அதுவே தக்க சமயம். பலகை மென்மையாகச் சரசரத்து ஓடும். திருப்பங்கள் நினைத்தபடி வளையும். ஒரு சரிவில் இந்த நிலை ஏறக்குறைய ஒரு மணி நேரமே நிற்கும். பிறகு தெற்குச் சரிவுக்கும், நண்பகலுக்குப் பின் மேற்குச் சரிவுக்கும், கடைசியாக வடக்குச் சரிவுக்கும் சூரியனைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தால், காலையில் ஒருமுறை கிடைக்கும் அந்தச் சுகத்தை நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பெறலாம். பிற்பகலில் பனி கூழாகிப் பலகையைப் பிடித்து நிறுத்தத் தொடங்கிவிட்டால் அன்றைக்குப் போதும். முழங்காலில் காயம் பட ஏற்ற பனி அது.

அபாயங்கள்

ஈரமான பனிச்சரிவைப் பற்றி எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். இரவில் சரியாக உறையாத பனியின் ஊடே நீர் இறங்கி அடிப்பனியின் பிடிப்பைத் தளர்த்திவிட்டால், சரிவு முழுவதும் பெயர்ந்து வரலாம். எல்லைக்கயிறு கட்டிக் காவலர் கண்காணிக்கும் இடத்தில் அது நேராது என்று நம்பிவிடக் கூடாது: 2005ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி, அரபஹோ பேசினில் திறந்திருந்த சரிவொன்றிலேயே ஈரப்பனி பெயர்ந்து ஒருவர் உயிரிழந்தார். பலகையைக் கழற்றிவிட்டு நின்றால் காலணி கணுக்கால் வரை அமிழ்கிறதா, நீங்கள் கடந்த இடத்திலிருந்து பனி உருண்டைகள் தாமாகச் சுருண்டு உருண்டு பெருகுகின்றனவா என்று கவனியுங்கள். இவ்விரண்டில் ஒன்று தோன்றினாலும் உடனே செங்குத்தான இடத்தை விட்டுச் சாய்வு குறைந்த பகுதிக்குப் போய்விட வேண்டும். கொலராடோவில் பனிச்சரிவுத் தகவல் நிலையத்தார் வெளியிடும் அறிக்கையைக் காலையில் பாராமல், ஸ்தலத்தின் எல்லையைத் தாண்டி அடியெடுத்து வைக்கவே கூடாது.

உயரத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் வந்தவர் 1,600 மீட்டர் உயரமுள்ள டென்வரில் ஓர் இரவாவது தங்கி, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போவது நலம். தலைவலியோடு வாந்தி உணர்வும் சேர்ந்தால் அன்று சறுக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிரின் கடுமை சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. பனி அதைக் கீழிருந்தும் திருப்பியடிக்கிறது. முகவாயின் அடிப்புறத்திலும் மூக்குத்துவாரத்தின் உட்புறத்திலும் சன்ஸ்கிரீன் பூசவேண்டியது அதனால்தான். கறுப்புக் கண்ணாடியைச் சில மணி நேரம் கழற்றிவைத்தவர், அன்றிரவு கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோன்ற வேதனையால் தூங்க முடியாமல் துடிப்பார்.

வேறு சில ஸ்தலங்கள்

அரபஹோ பேசினுக்கு மறுபுறம், லவ்லண்ட் கணவாய்க்குக் கிழக்கே, லவ்லண்ட் என்ற பெயரிலேயே ஒரு ஸ்தலம் உண்டு. மே மாத முதல் வாரம் வரையில் அங்கே சறுக்கலாம், ஆரவாரமில்லாத இடம்.

பருவத்தையே தலைகீழாக்கிக்கொண்ட மலை ஒன்றுண்டு: வயோமிங், மொன்டானா எல்லையிலுள்ள பேர்டூத் பேசின். மலையுச்சியை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை 1936ல் திறக்கப்பட்டது; 3,337 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கும் அச்சாலை குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும். மே இறுதியில் சாலையின் பனியை வெட்டியெடுத்துத் திறந்த பிறகுதான் ஸ்தலமும் திறக்கிறது. பனி நீடித்தால் ஜூலைத் தொடக்கம் வரை நடக்கும், பனி போதாத ஆண்டில் திறக்காமலே போவதும் உண்டு. 1960களில் ஆஸ்திரியப் பந்தய வீரர்கள் இளைஞருக்குக் கோடைப் பயிற்சி அளிக்க ஏற்படுத்திய முகாமே இதற்கு மூலம். காரை மேலே நிறுத்திவிட்டு நேரே கீழே சறுக்கி, கால்களுக்கிடையே வட்டத்தட்டை இடுக்கிக்கொள்ளும் இரண்டு இழுவை லிஃப்ட்டுகளால் மறுபடி மேலே வர வேண்டும். தங்குமிடமோ உணவுவிடுதியோ கிடையாது. தண்ணீர் முதல் சகலமும் கையோடு கொண்டுபோக வேண்டும். தொடக்கமே செங்குத்து என்பதால் தேர்ந்தவருக்கு மட்டுமே உரியது.

டிம்பர்லைனில் கோடையிலும் லிஃப்ட் ஓடுகிறது. பொருளாதார மந்தக் காலத்தில் அரசாங்கம் வேலையற்றவர்களைக்கொண்டு கட்டி, 1937ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திறந்துவைத்த அதன் மரமாளிகை தன்னளவிலேயே பார்க்கத் தகுந்தது. ஐரோப்பாவில் ஸ்வீடனின் ரிக்ஸ்கிரான்சன், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் நார்வே எல்லையில் இருக்கிறது. குளிர்காலத்தின் இருளில் சறுக்க இயலாததால் பிப்ரவரியில்தான் திறப்பார்கள். மே இறுதியில் நள்ளிரவுச் சூரியனின் வெளிச்சத்தில் சறுக்கலாம். ரயில் வாசலிலேயே நிற்கும்.

கருவிகளும் சீட்டும்

நல்ல பலகையை வீட்டில் வைத்துவிட்டுப் பழையதை எடுத்துச் செல்லுங்கள்; மெல்லிய பனிக்கடியில் கற்கள் காத்திருக்கும். ஈரப்பனியில் பலகையின் அடிப்புறம் நீர்ப்படலத்தில் ஒட்டிக்கொண்டு இழுக்கும் என்பதால், வெப்பப் பனிக்குரிய மெழுகைப் பூசி, வேகத்தடை தோன்றும்போதெல்லாம் மதியத்தில் மறுபடியும் தேய்க்க வேண்டும். மரங்களிலிருந்து விழும் மகரந்தமும் பிசினும் அடிப்புறத்தில் கறுப்பாகப் படியும். அதை அன்றன்றே துடைத்துவிடுங்கள். ஆடையை அடுக்கடுக்காக அணிந்து, காலைக் குளிரிலிருந்து நண்பகல் வெயில்வரை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். மாற்றுக் காலுறையும் மாற்றுக் கையுறையும் அவசியம்.

அடுத்த ஆண்டுக்குரிய பருவச் சீட்டைப் பல ஸ்தலங்கள் வசந்தகாலத்திலேயே மலிவான விலைக்கு விற்கின்றன. வருமானம் வற்றிக்கிடக்கும் கோடையில் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்க்கவும் சம்பளம் கொடுக்கவும் அந்தப் பணமே சிறிய மலைக்கு ஆதாரம். மறு ஆண்டும் போவதாக உத்தேசமிருப்பவர் சீட்டை அப்பொழுதே, மலையின் சொந்த அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நன்மை. வாங்குமுன், அச்சீட்டு அந்த ஆண்டின் மிஞ்சிய வாரங்களுக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில ஸ்தலங்களில் செல்லும். வீடு திரும்பியதும் பலகையைக் கழுவி, ஓரத்து இரும்பைத் துருப்பிடிக்காமல் துடைத்து, அடிப்புறத்தில் மெழுகைக் கனமாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே உலர்ந்த இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும்.